கோடு வேறு, பூஜ்யம் வேறு

1997 ஏப்ரல். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு டி.டி.பி. கடை. என் எம்.எஸ்சி. பிராஜெக்ட் அறிக்கையை அங்கேதான் அடிக்கக் கொடுத்திருந்தேன். மறுநாள் பைண்டிங்குக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பிக்கு என் மேல் இரக்கம் வந்திருக்கிறது.

"அக்கா, நாலாவது டேபிள்ல எங்க பாத்தாலும் ஜீரோ ஜீரோவா இருந்துச்சு. ஏதோ ஃபெயிலான மார்க் ஷீட் மாதிரி. அதான் எல்லாத்தையும் சின்னக் கோடா மாத்திட்டேன். இப்ப பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்கு!"

நீட்டாகத்தான் இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அந்த அட்டவணையில் 14 வகைப் புழுக்கள், 3 இடங்கள், 9 மாதங்கள்; ஆக 378 கட்டங்கள். அவற்றில் 200-க்கு மேல் பூஜ்யம். உண்மையிலேயே கோடு போட வேண்டியவை 14 கட்டங்கள் மட்டும். இப்போது பூஜ்யமும் கோடும் ஒரே நிறமாகிவிட்டன. அந்தத் தம்பியின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, களக்குறிப்பு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்லச் சொல்ல, அவன் திரும்ப அடித்தான். நடுவில் கரண்ட் போய் பாதி அழிந்தது. கடையைச் சாத்தும்போது மணி பத்தரை.

"ரெண்டுக்கும் என்னக்கா வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணும் இல்லங்கிறதுதானே?" என்றான் ஷட்டரை இழுத்துக்கொண்டே.

அந்த வித்தியாசத்தைக் கற்கத்தான் எனக்கு இரண்டு வருடம் ஆனது. உயிரியலில் முதுகலை படித்து என்ன கற்றாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

*

விருத்தாசலம் எனக்குச் சொந்த ஊர். அப்பா பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பி.எஸ்சி. விலங்கியல், தமிழ் வழி.

பி.எஸ்சி.யில் 'பிராக்டிகல்' என்றால் ரெக்கார்டு நோட்டு. இடப்பக்கம் படம், வலப்பக்கம் செய்முறை, கடைசியில் முடிவு. முடிவு என்னவென்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். போன வருடத்து அக்காவின் ரெக்கார்டில் அது இருக்கும். மெண்டல் விதிக்கு மணி எடுக்கும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு பீக்கரில் சிவப்பும் வெள்ளையும் சரிபாதியாகக் கலந்த பாசிமணிகள். கண்ணை மூடிக்கொண்டு இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். ஒரு சிவப்பாவது இருந்தால் ஓங்கு பண்பு. நூறு ஜோடிக்கு 75-க்கு 25 வர வேண்டும் என்பது விதி. எனக்கு 68-க்கு 32 வந்தது. திரும்ப எடுக்கட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம், 75 - 25னு எழுது. டைம் ஆகுது" என்று பதில் வந்தது. வகுப்பில் அத்தனை பேர் நோட்டிலும் 75 - 25 தான். மெண்டலுக்கே கிடைக்காத துல்லியம் அது. அவர் எண்ணிய பட்டாணியில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. வகுத்துப் பார்த்தால் 2.96.

எழுதிவிட்டேன். கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஆனால் அந்த 68 மனசில் எங்கேயோ முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. சரியாகக் கலக்கவில்லையோ, எண்ணுவதில் தப்பு விட்டேனோ என்று.

1995-இல் எம்.எஸ்சி. சேர்ந்தேன். கடலூர் மாவட்டத்தில்தான், வேறொரு ஊர்க் கல்லூரி. வகுப்பில் 22 பேர். பாடம் முழுக்க இங்கிலீஷ். முதல் மாதம் வகுப்பில் பேசியதில் பாதி காதுக்கு வெளியேயே நின்றது. செல் உயிரியல், உயிர்வேதியியல், மரபியல், சூழலியல் என்று நாலு பேப்பர்களுக்கு நாலு அகராதி நோட்டுப் போட்டேன். 'ஆஸ்மாசிஸ்' என்ற சொல் வந்தால் 'சவ்வூடு பரவல்' என்று எழுதிக்கொண்ட பிறகுதான் அது எனக்குள் இறங்கும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் சமம். கிரேக்க, லத்தீன் பெயர்கள். 'பாலிகீட்டா' என்றால் பல மயிர்கள் உள்ளது என்று அர்த்தம் என்பது கான்வென்டில் படித்தவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருவரும் ஒரே நாளில்தான் தெரிந்துகொண்டோம். உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு மேலே போகத் தயங்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதுண்டு. பாடத்தின் பாதி, யாருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழியில் இருக்கிறது. அங்கே யாரும் உங்களுக்கு முன்னால் போய்விடவில்லை.

இரண்டாம் பருவத்தில் புள்ளியியல். கை-ஸ்கொயர் சோதனையை நடத்திய சார், வீட்டுக் கணக்காக ஏதாவது ஒரு எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்து வரச் சொன்னார். எனக்கு உடனே அந்த 68 - 32 ஞாபகம் வந்தது. எதிர்பார்த்தது 75, கிடைத்தது 68, வித்தியாசம் 7, அதன் வர்க்கம் 49. 49-ஐ 75-ஆல் வகுத்து, இன்னொரு 49-ஐ 25-ஆல் வகுத்துக் கூட்டினால் 2.61. அட்டவணையில் எல்லை 3.84. என் எண் அதற்குக் கீழே. அதாவது என் மணிகளில் பிழை என்று சொல்ல ஆதாரம் இல்லை. நூறு முறை எடுத்தால் அந்த அளவுக்குத் தடுமாற்றம் வருவது சகஜம். அழித்து எழுதியிருக்கவே வேண்டாம்.

சார் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். 1936-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் மெண்டலின் கணக்குகளையே இதே சோதனையில் போட்டுப் பார்த்தாராம். அவை எதிர்பார்ப்போடு வேண்டியதற்கு மேல் ஒத்துப்போகின்றன என்று எழுதினாராம். விதி சரி, எண்கள்தான் கொஞ்சம் அதிகமாகவே சரி. யாரோ உதவியாளர் எதிர்பார்த்ததைத் தெரிந்துகொண்டு எண்ணியிருக்கலாம் என்பது அவர் ஊகம். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த உதவியாளரை நன்றாகத் தெரியும் போலிருந்தது.

*

பிராஜெக்ட் என்பது வழக்கமாகக் கடைசிப் பருவத்தில் நாலு மாத வேலை. எங்கள் கைடு மட்டும் இரண்டாம் வருடம் தொடங்கும்போதே தலைப்புக் கொடுத்துவிடுவார். அதனால் அவரிடம் போகப் பலருக்குப் பயம். எனக்குக் கிடைத்தது வெள்ளாற்றின் கழிமுகம். பரங்கிப்பேட்டையில் ஆறு கடலில் சேரும் இடம். அங்கே சேற்றுக்குள் வாழும் பாலிகீட்டா புழுக்களை ஜூலையிலிருந்து மார்ச் வரை மாதம் ஒரு முறை எடுத்து எண்ண வேண்டும்.

எங்கள் ஊர் மணிமுத்தாறு வெள்ளாற்றில்தான் கலக்கிறது. பழமலைநாதர் கோயிலைத் தாண்டி ஓடும் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கப் போகிறோம் என்று ஒரு சந்தோஷம். சேற்றுப் புழு என்றதும் அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கியது. "இதுக்கா எம்.எஸ்சி.?"

அதிகாலை வத்தத்தில் படகு எடுத்தால்தான் வேலை நடக்கும். கடல் ஏறும்போது நீரோட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். முதல் நாளே வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியுமுன் துறைக்குப் போவேன். பெண்ணாக இருந்தால் இன்னொரு ஏற்பாடும் உண்டு: முதல் நாள் இரவிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது. படகில் ஆறு மணி நேரம். இறங்கி ஒதுங்க இடம் கிடையாது. இந்தச் செய்முறை எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. அக்காமார்கள் வாய்வழியாகச் சொன்னதுதான்.

படகுக்காரர் அறுபது வயதை ஒட்டிய மீனவர். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைப் பாப்பா என்பார். மூன்று இடங்களில் நிற்போம்: முகத்துவாரம், நடு ஆறு, மேலே ரயில் பாலத்துப் பக்கம். ஒவ்வொன்றிலும் ஒரே வரிசை. முதலில் செக்கி தட்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டம். கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டால் நீரின் தெளிவு கிடைக்கும். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் இறக்கிப் பார்த்த அதே வித்தைதான். பிறகு உப்பளவு. ரிஃப்ராக்டோமீட்டர் ஒரு சின்னத் தூரதர்சினி மாதிரி இருக்கும். கண்ணாடியில் இரண்டு சொட்டு நீர் விட்டு வானத்தைப் பார்த்துப் பிடித்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஓர் எண்ணில் நிற்கும். ஜூலையில் முகத்துவாரத்தில் அது 34-இல் நின்றது. ஆயிரம் பங்கு நீரில் 34 பங்கு உப்பு, அதாவது கடலேதான்.

அடுத்து ஆக்சிஜன். இதற்கு விங்க்லர் முறை. 1888-இல் லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரிக்காரர் கண்டது. காற்றுக் குமிழி இல்லாமல் பாட்டிலில் நீரை நிரப்பி, இரண்டு திரவங்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு மூடிக் குலுக்கினால் டீத்தூள் நிறத்தில் வண்டல் இறங்கும். ஆக்சிஜன் இல்லாத நீராக இருந்தால் வண்டல் வெள்ளையாகவே நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, நம் கைப்பாட்டிலுக்குள் நிறமாக வந்து உட்காருவது. பாட்டிலை அப்படியே எடுத்துவந்து லேபில் கந்தக அமிலம் விட்டு வண்டலைக் கரைத்து, தயோசல்ஃபேட் கொண்டு டைட்ரேஷன் செய்வோம். மாவுக் கரைசல் தந்த நீலம் ஒரே ஒரு சொட்டில் மறையும். அந்தச் சொட்டைத் தாண்டிவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

கடைசியில் கிராப். இரண்டு இரும்புத் தாடைகள். திறந்து மாட்டி இறக்கினால், தரையைத் தொட்டதும் கொக்கி விடுபட்டு, மேலே இழுக்கும்போது சேற்றைக் கடித்துக்கொண்டு வரும். ஒரு இடத்துக்கு மூன்று கடி. தாடை இடுக்கில் சிப்பி ஓடு மாட்டிக்கொண்டால் சேறெல்லாம் வழிந்துவிடும். அந்தக் கடி கணக்கில்லை, திரும்ப இறக்க வேண்டும். ஐயா சலித்துக்கொள்ளவே மாட்டார். "நாங்க வலை போட்டு எடுக்கறோம், நீ பல்லு போட்டு எடுக்கற. அவ்ளோதான் பாப்பா."

எடுத்த சேற்றை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் ஆற்று நீர் ஊற்றி அலச வேண்டும். அரிசி களைவதைவிட மெதுவாக. வேகமாக அலசினால் புழு துண்டாகும். தலை இல்லாத புழுவுக்குப் பெயர் கிடையாது. மிஞ்சியதை ஃபார்மலினில் போட்டு, சாயம் விட்டு, பாட்டிலுக்குள்ளேயே சீட்டுப் போட வேண்டும். சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை ஃபார்மலினில் கரைந்து போகும். முதல் மாதம் நான் அழகாகப் பேனாவில் எழுதினேன். மறுவாரம் திறந்தால் ஒன்பது பாட்டிலிலும் வெற்றுச் சீட்டு. ஜூலை மாத வேலை முழுவதையும் பத்து நாள் கழித்துத் திரும்பச் செய்தேன். அந்த முதல் ஒன்பது பாட்டில்களைக் கொட்டச் சொன்னபோது கைடு திட்டவில்லை. "எந்த ஊர்னு தெரியாத புழு" என்று மட்டும் சொன்னார்.

*

பொறுக்கும் வேலை லேபில். வெள்ளை எனாமல் தட்டில் கொட்டினால், ரோஸ் பெங்கால் சாயம் ஏறிய உயிரெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். சருகும் மணலும் அப்படியே கிடக்கும். தூரிகையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரு பாட்டிலுக்கு மூன்று மணி நேரம். எங்கள் லேபில் நல்ல நிலையில் இருந்த மைக்ராஸ்கோப் இரண்டு, ஆட்கள் 22. எனக்குக் கிடைத்த நேரம், மற்றவர்கள் மதியம் சாப்பிடப் போகும் நேரம்.

பெயர் கண்டுபிடிப்பது அடுத்த மலை. பியர் ஃபோவெல் 1953-இல் எழுதிய இந்தியப் பாலிகீட்டா புத்தகம்தான் எங்களுக்கு வேதம். அதைப் பார்க்கவே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் நூலகத்துக்குப் போவேன். அதில் பெயரைத் தேட முடியாது. கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கண் உண்டா? உண்டென்றால் எத்தனை? பக்கவாட்டுக் கால்களில் உள்ள மயிர் நுனி பிளந்ததா, கொக்கியா? ஒவ்வொரு பதிலும் இன்னொரு கேள்விக்கு அனுப்பும். நெரிஸ் குடும்பத்துப் புழுவாக இருந்தால் வேறொரு தொல்லை. அதன் தொண்டைக்குள் இருக்கும் பல்வரிசையைப் பார்த்தால்தான் இனம் தெரியும். நேராக ஃபார்மலினில் போட்டால் அது வாயை மூடிச் சுருண்டுவிடும். முதலில் மயக்கி, தளர்ந்த பிறகு பதப்படுத்தினால் தொண்டை வெளியே தள்ளி நிற்கும். ஒரு ஸ்காலர் அக்கா இதைக் காட்டிக் கொடுத்த அன்று, முதல் முறையாக என் புழு ஒன்றுக்கு முழுப்பெயர் எழுதினேன். அன்றைக்கு ஹாஸ்டலில் பாயசம் போட்ட மாதிரி இருந்தது.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். மேல் ஆற்றில்கூட மூன்று கடிக்கு நாற்பது புழுக்களுக்குக் குறையாமல் கிடைத்தன. அட்டவணை நிரம்பிக்கொண்டே வந்தது. எனக்கு வேலை பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நவம்பரில் போனபோது ஆறு வேறு ஆறாக இருந்தது. செம்மண் கரைந்த நீர், அகலமாக, அவசரமாக. செக்கி தட்டு ஒரு சாண் போவதற்குள் மறைந்தது. ரயில் பாலத்துப் பக்கம் ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். கோடு பூஜ்யத்தில் நின்றது. கருவி கெட்டுவிட்டதோ என்று, சரிபார்க்க வைத்திருந்த காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பார்த்தேன். அதே பூஜ்யம். ஆற்று நீரும் பாட்டில் நீரும் ஒன்றுபோல் நின்றன.

கிராப் மூன்று முறை இறங்கியது. மூன்று முறையும் நிறைய சேறு. அலசினேன். மணல், சருகு, ஓடு. புழு இல்லை. நாலாவது முறை இறக்கச் சொன்னேன்.

"தண்ணி செவந்துட்டா எதுவும் நிக்காது பாப்பா. இறாலே கடலுக்கு எறங்கிடும், புழு நிக்குமா? உப்பு வந்தா திரும்பி வரும்" என்றார் ஐயா.

எனக்கு நம்பிக்கை இல்லை. லேபுக்கு வந்து சாயம் விட்டுத் திரும்பப் பொறுக்கினேன். ஒன்றும் இல்லை. ஆக்சிஜன் குறைந்ததால் செத்திருக்குமோ என்று பார்த்தால், அது மற்ற மாதங்களைவிட அதிகம். புதுத் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர்; ஆக்சிஜனை நன்றாகப் பிடித்து வைத்திருந்தது. மூச்சுக்குப் பஞ்சமில்லை. உப்புதான் போய்விட்டது, வெள்ளம் மேல்சேற்றையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. இருந்தாலும் கைடு முன்னால் போய் நிற்கும்போது, மணிகளில் 68 எடுத்த அதே பெண்ணாகத்தான் நின்றேன்.

"சார், நவம்பர்ல மேல ஒண்ணுமே வரல சார்."

"போனியா?"

"போனேன் சார்."

"கிராப் எறக்கினியா? அலசினியா?"

"நாலு தடவ சார்."

"அப்ப பூஜ்யம்னு எழுதும்மா. இத்தன மாசமா நீ எழுதுனதுல இதான் முக்கியமான எண்."

டிசம்பரில் இன்னும் ஒன்று நடந்தது. முகத்துவாரத்துக்குப் படகு போக முடியவில்லை. காற்றும் வெள்ளமும் மோதிக்கொண்டிருந்தன. ஐயா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு மாட்டேன் என்றுவிட்டார். மற்ற இரண்டு இடத்தில் மட்டும் எடுத்து வந்தேன். அட்டவணையில் ஒரு பத்தி காலி. ஸ்காலர் ஒருவர் யோசனை சொன்னார்: "நவம்பரையும் ஜனவரியையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போட்டுடு. யாரும் கேக்க மாட்டாங்க." முகத்துவாரத்தில் நவம்பரில் 5, ஜனவரியில் 7 புழுக்கள். டிசம்பருக்கு 6 என்று பென்சிலில் எழுதினேன். பார்க்க மிக இயல்பாக இருந்தது.

பிப்ரவரியில் கைடு அட்டவணையைச் சரிபார்த்தபோது ஒவ்வொரு எண்ணாகக் கைவைத்து, அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்துக் காட்டச் சொன்னார். முகத்துவாரம், டிசம்பர் என்ற இடத்தில் விரல் நின்றது.

"பாட்டில் எங்கம்மா?"

நான் பேசவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினார். "பாட்டில் இல்லாத எண் நம்ம எண் இல்ல. போகலைன்னா கோடு. போயும் இல்லைன்னா பூஜ்யம்." அவ்வளவுதான். அந்தப் பத்தியின் 14 கட்டங்களிலும் கோடு போட்டேன். கோடு போட்ட 14-உம், பூஜ்யம் போட்ட 200 சொச்சமும் அப்படி வந்தவைதான்.

ஜனவரியிலிருந்து உப்பு ஏறியது. முதலில் சின்னஞ்சிறு புழுக்கள். கடலில் மிதந்து திரியும் லார்வாக்கள் ஏற்றத்தோடு உள்ளே வந்து காலியான சேற்றில் குடியேறுகின்றன. மார்ச்சில் மேல் ஆற்றில் மறுபடி 30. ஐயா சொன்னது அப்படியே நடந்தது. என் அறிக்கையின் ஐந்தாம் அத்தியாயம் நாற்பது பக்கம் எடுத்துக்கொண்டு சொன்னதும் அவர் படகில் ஒரே மூச்சில் சொன்னதும் ஒன்றுதான். நன்றியுரையில் 'படகோட்டி' என்று ஒரு வரி போட்டேன். ஆராய்ச்சி முடிவில் அவர் பெயரை எப்படிச் சேர்ப்பது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு என்றால் தனி உரையாடல் என்று குறித்து, பெயரோடு எழுதியிருப்பேன்.

*

வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் உருப்படியாகக் கேட்டார்: "ஒரு பத்தியில் மட்டும் ஏன் கோடு?" நான் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார்.

தங்க எழுத்துப் போட்ட பைண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நாலாவது அட்டவணையில் நின்றார். எண்கள் தெரியுமே. கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் எடுக்கப் போகலியா பாப்பா?" என்று கேட்டார், சரியாக அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்து. எனக்கு ஆச்சரியம். எப்படித் தெரிந்தது என்றேன். சூளைக் கணக்கு நோட்டில் அவர்கள் போடுவதும் அப்படித்தானாம். சூளை எரிக்காத நாளுக்குக் கோடு. எரித்தும் ஒரு ப்யூஸ் கட்டைகூடத் தேறாத நாளுக்குச் சைபர். "மொதலாளி சைபருக்குத் திட்டுவாரு. ஆனா கோடு போட்டு ஏமாத்துனா வேலய விட்டே அனுப்பிடுவாரு." எம்.எஸ்சி. முழுவதும் படித்து வந்தது எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருக்கிறது.

*

அந்தக் காலத்தில் எங்கள் மாதிரிப் பட்டதாரிகளுக்கு உடனே வேலை கிடைத்த ஒரே இடம் இறால் தொழில். 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம், காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே வெண்புள்ளி நோய் பண்ணைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்பியிருந்த கதவு சாத்திக்கொண்டது. நான் மட்டும் எப்படியோ ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் நுழைந்தேன். பெயர் வேண்டாம். அங்கே என் வேலை எண்ணுவது. தொட்டியிலிருந்து ஒரு பீக்கர் மொண்டு, அதிலிருக்கும் குஞ்சுகளை எண்ணி, தொட்டிக் கொள்ளளவால் பெருக்கி, வாங்க வந்தவரிடம் சொல்ல வேண்டும். எண்ணிக்கை எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பதினாலு மாதம் தாக்குப்பிடித்தேன்.

பிறகு சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கைகளுக்கு மாதிரி எடுத்துக் கொடுக்கும் லேபில் கொஞ்ச காலம். பெரும்பாலும் ஒரு பருவத்துத் தரவு போதும் என்பார்கள். அதுவும் மழை இல்லாத பருவம். ஜூலையில் மட்டும் நான் போயிருந்தால் வெள்ளாறு எனக்கு உப்பு ஆறு, புழு நிறைந்த ஆறு. நவம்பரில் மட்டும் போயிருந்தால் நன்னீர் ஆறு, உயிரற்ற சேறு. இரண்டும் உண்மை, இரண்டும் பொய். அதை அறிக்கையில் ஒரு வரியாகவாவது சேர்க்கப் பார்ப்பேன். சில முறை சேர்ந்தது.

நெட் தேர்வு மூன்றாம் முறையில் தேறி, கல்லூரிக்கு வந்தேன். இப்போதைய பிள்ளைகள் ஃபோவெலைத் திறப்பதில்லை. புழுவின் ஒரு துண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பி.சி.ஆர். ஓட்டி, சி.ஓ.ஐ. மரபணுவை வாசிக்க அனுப்பிவிட்டு, வந்த எழுத்துகளை இணையக் களஞ்சியத்தோடு ஒப்பிடுகிறார்கள். 2003-இல் பால் ஹெபர்ட் முன்வைத்த பார்கோடு முறை. நல்ல முறை. தலை இல்லாத புழுவுக்கும் பெயர் கிடைக்கிறது. ஆனால் அங்கும் ஜெல்லில் பட்டை வராத நாள் வரும். "மேடம், பேண்ட் வரல, அந்தப் படத்த விட்டுடலாமா?" என்று கேட்பார்கள். கன்ட்ரோலில் வந்ததா என்று கேட்பேன். வந்திருந்தால் அது பூஜ்யம், ஒட்டு. அதிலும் வரவில்லை என்றால் நீ இன்னும் போகவே இல்லை, கோடு, திரும்ப ஓட்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி பரங்கிப்பேட்டைக் கரையையும் விடவில்லை. முதல் சில நாட்கள் ஐயாவைப் பற்றித்தான் நினைவு. அவர் அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகிவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. புழுக்களைப் பற்றி நினைக்கவே கூச்சமாக இருந்தது.

சில மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவர் போன் செய்தார். வெள்ளாற்றுச் சேற்றில் புழு மிகக் குறைவாக இருக்கிறது. அதைச் சுனாமியின் கணக்கில் எழுதலாமா என்று பார்க்கிறார். பழைய அறிக்கைகளைத் தேடியதில் என்னுடையது கண்ணில் பட்டதாம். நல்ல கேள்வி. அலை வந்தது மழைக்காலத்தின் வாலில். மழையே புழுவைக் காலி செய்திருக்கும். மிச்சத்தில் எவ்வளவு அலை எடுத்தது என்று சொல்ல, அலை வராத ஒரு டிசம்பரும் ஜனவரியும் வேண்டும். பைண்டை எடுத்துத் தூசி தட்டி, எண்களை வாசித்தேன். மேல் ஆறு, நவம்பர் பூஜ்யம், டிசம்பர் பூஜ்யம். ஜனவரியில் நாலு. அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பூஜ்யங்கள் ஒன்பது வருடம் கழித்து முதல் முறையாக ஒருவருக்குத் தேவைப்பட்டன.

"முகத்துவாரம், டிசம்பர் சொல்லுங்க மேடம். எனக்கு அதான் முக்கியம். அங்கதான் அலை நேரா அடிச்சது."

அட்டவணையில் 14 கோடுகள் வரிசையாக நின்றன. அன்றைக்குப் பென்சிலில் எழுதி அழித்த 6 ஞாபகம் வந்தது. எவ்வளவு இயல்பாக இருந்த எண்.

"இல்லப்பா. அன்னிக்குப் போக முடியல."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. ஏமாற்றம் எனக்கே கேட்டது.

"சரிங்க மேடம்" என்றார். "அப்ப கோடுன்னே போட்டுக்கறேன்."